மீன் ஐஸ்

முப்பதாவது கிலோமீட்டரில்
வாட்ச் தானாகவே அணைந்துபோனது.
மே மாதம். மணி ஏழு நாற்பது இருக்கலாம்.
பட்டினப்பாக்கத்தில் கடல் இருந்தது,
காற்று இல்லை.

மணலோரம் உட்கார்ந்தேன்.
உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.
காதோரம் தடவினால் உப்பு உதிர்கிறது,
கருவாட்டைத் தட்டியதுபோல.

"எவ்ளோ குடுப்பாங்க, இப்டி ஓடுனா?"
வஞ்சிரத்தைத் திருப்பிப் போட்டபடி
தேசம்மா கேட்டாள்.
"நாங்கதான் கட்டணும்க்கா. ஆயிரத்தி ஐநூறு."
கத்தி ஒரு கணம் நின்றது.
பிறகு, சிரிக்காமல்,
பெட்டியின் அடியிலிருந்து ஐஸை வாரி
என் பையில் போட்டாள்.
காசு வாங்கவில்லை.

வீட்டில் குழாயைத் திறந்தால்
மொட்டைமாடி டேங்கின் வெந்நீர்.
ராத்திரியே பிடித்துவைத்த வாளியில்
ஐஸைக் கொட்டிக் காலை விட்டேன்.
ஐயோ என்றது வாய்.
கெண்டைக்கால் ஒன்றும் சொல்லவில்லை;
அதற்கும் எனக்கும்
இருபத்திரண்டாவது கிலோமீட்டரிலிருந்தே பேச்சில்லை.

மோரில் இரண்டு சிட்டிகை உப்பு.
போதவில்லை. இன்னும் இரண்டு.
அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

அட்டவணையில் நாளைக்குத்தான் ஓய்வு.
இன்றே தொடங்கிவிட்டேன்,
பாத்ரூம் வாசற்படியில், சுவரில் தலை சாய்த்து.

கணுக்காலில் ஒரு செதில்
சின்ன நகம்போல் மின்னியது.
என் சொந்த நகம் ஒன்று
கறுத்து, விழுவதா வேண்டாமா என்றிருந்தது.

கீழ்வீட்டுப் பூனை
மீன் வாசம் பிடித்து வந்தது.
வாளியைச் சுற்றியது, ஏமாந்தது,
முழங்காலின் உப்பை நக்கத் தொடங்கியது.
சொரசொர நாக்கு.

விரட்ட வேண்டுமானால்
எழுந்திருக்க வேண்டும்.

நக்கட்டும்.