மூச்சை வெட்டிய பதிவு

பாலஸ்டியர் சந்தை. காலை எட்டேகால்.
இரவு வேலை முடித்து வந்த தவமலர்
தே-ஓ கொசோங்கோடு உட்கார்ந்திருக்கிறாள்.
எனக்குத் தே ஹலியா, பால் தூக்கலாக.
இதிலேயே ஒத்துப்போகாத நாங்கள்
புல்லாங்குழலில் எங்கே ஒத்துப்போவது?

ராகம் ஒன்றுதான். காம்போதி.
பூவனூர் ருக்மாங்கதன் வாசித்தது
ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில்.
பின்னால் நாற்காலி இழுக்கிறார்கள்,
ஒரு பிள்ளை தண்ணீர் கேட்கிறது,
ஒவ்வொரு பிடிக்கு முன்னும்
மனிதர் மூச்சை இழுப்பது
ஈரத்துணி கிழிவதுபோல் கேட்கும்.

அம்சா நாராயணி வாசித்தது ஸ்டூடியோவில்.
துளைமேல் விரல் விழும் ஓசைகூட இல்லை.
நாற்பது நிமிடமும்
நுரையீரலே இல்லாமல் பிறந்தவள்போல் வாசிக்கிறாள்.

"அது குழல் இல்லை, குளிர்பதனப் பெட்டி" என்பேன்.
"உன் ஆள் வாசிக்கவில்லை,
மூட்டையோடு மாடிப்படி ஏறுகிறார்" என்பாள்.

ஏழு வருடமாக இதே வழக்கு.
காம்போதிக்குள் எப்போதாவது வந்துபோகும்
அந்த அந்நிய நிஷாதத்தை
ருக்மாங்கதன் கடன்காரனைப்போல்
வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார்.
அம்சா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவாள்.
எது மரியாதை என்பதில்
இரண்டு தட்டு ரொட்டி பிராட்டா ஆறிப்போயிருக்கிறது.

ஒருநாள் தேநீர்க்கடை குவெக்
ஆளுக்கொரு காதுக்குழாய் வாங்கிக் கேட்டுவிட்டு
"ரெண்டும் ஒண்ணுதானே லா" என்றார்.
அன்றைக்குத்தான் முதல்முறையாக
நானும் அவளும் ஒரே கட்சி.

பிறகு ஓர் ஆகஸ்ட் காலை.
வெளியே மழை சாய்த்து அடிக்கிறது.
கோப்பையைத் தொடாமலே சொன்னாள்:
"வார்டில் பதினோரு வெண்டிலேட்டர்.
பன்னிரண்டு மணி நேரம்
அடுத்தவர் மூச்சை எண்ணுகிறேன்.
விடிவதற்குள் ஒன்று குறைந்துவிட்டது.
வீட்டுக்குப் போகும் பேருந்தில் எனக்கு
யாருமே மூச்சுவிடாத
நாற்பது நிமிடம் வேண்டும், அவ்வளவுதான்."

ஏழு வருட வாதத்தில்
இதை அவள் ஒருமுறையும் எடுத்து வைத்ததில்லை.
நான் தலையாட்டியிருக்கலாம்.
வாய் சும்மா இருக்கவில்லை:
"இருந்தாலும் அந்த மேல் காந்தாரம்..."
நல்லவேளை, சிரித்துவிட்டாள்.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
கம்பியும் கப்பியும் முனகும்
பதினாறு மாடிக் கிணற்றுக்குள்
நாள் முழுதும் தனியாக நிற்பவன்.
எனக்கு ஏன் நாற்காலிச் சத்தமும்
தண்ணீர் கேட்கும் பிள்ளையும் வேண்டியிருக்கிறது என்று
அவள் கேட்டதில்லை.
நானும் யோசித்ததில்லை, அன்றுவரை.

போன வாரம் வாம்போவில் ஒரு வீவக புளோக்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்,
உதிரிப்பாகம் வரும்வரை,
பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து
குற்றம் கண்டுபிடிக்கவென்றே
அம்சாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நிமிடம்.
மேல் காந்தாரத்துக்குப் போகுமுன்
ஒரு மூச்சு.
நூல் ஊசிக்குள் நுழையும் அளவு.
வெட்டியவருக்குக் கண் அயர்ந்ததோ
கை வரவில்லையோ,
விட்டுவிட்டார்.

ஆறுதரம் பின்னால் போய்க் கேட்டேன்.
இருக்கிறது. சந்தேகமே இல்லை.
அடிப்பாவி, உயிரோடுதான் இருந்திருக்கிறாய்!
கிரீஸ் படிந்த கையுறையின் பின்பக்கத்தில்
நிமிடம், நொடி எல்லாம் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, பாலஸ்டியர்.
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
தவமலர் கண்ணை மூடியிருந்தாள்,
காதில் குழாய், மேசைமேல் விரல்
தாளத்தில் பாதியைத் தவறவிட்டுத் தட்டிக்கொண்டு.
தே ஹலியாவைக் குடித்தேன்.
நாக்கின் நுனியில் இஞ்சி.

அந்த மூச்சை
அடுத்த சண்டைக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.
அடுத்த சண்டையிலும்
எடுத்துத்தான் வைத்திருப்பேன்.

ஆனாலும் ருக்மாங்கதன்தான் உசத்தி.