பதினான்காம் எண்

செப்புவலை போர்த்திய சோதனை அறை.
கதவைச் சாத்தினால்
பீல் நகரம் மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும்.

மேசைமேல் இருபது சென்சார்கள்.
சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியவை,
வயிற்றில் காசளவு பேட்டரி.
அந்தக் காசு மூன்று வருடம் வரவேண்டும்,
ஆகவே பேச்சு கொஞ்சம், தூக்கம்தான் மிச்சமெல்லாம்.

விழிக்கும்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது:
மூன்று வாசலிலும் ஒரே சொல்.
இருக்கிறேன்.
ஒரு கணம் காது கொடுக்கும்.
மறுபடி படுத்துக்கொள்ளும்.

பதினான்கை மட்டும் மூன்று நாளாகக் காணோம்.
பேட்டரியை மாற்றினேன்,
பழையதைச் சட்டைப்பையில் போட்டேன்.
ஆன்டெனாவைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தேன்.
"செத்த சரக்கு, தூக்கிப் போடு" என்றாள் ஊர்சினா.
அவளுக்கு வெள்ளிக்கிழமை, நாலு மணிப் படகு.

அலைமானியில் பார்த்தால் உயிர் இருக்கிறது.
கூவுகிறது.
ஆனால் அதே நொடியின் அதே துணுக்கில்
ஒன்பதும் கூவுகிறது.
ஒன்பது பக்கத்தில் இருப்பதால்
ஒன்பதுதான் கேட்கிறது.
ஒரே கூவல், ஒரே உறக்கம், ஒரே விழிப்பு,
மூன்று நாளும்.

நிரலில் ஒரு வரியைப் போன மாதம்
யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.
யாரோ என்ன, நான்தான்.
ஒவ்வொரு முறையும் கூவுமுன்
கொஞ்சம் தயங்கு,
எவ்வளவு என்று உனக்கே தெரியவேண்டாம்
என்று சொல்லும் வரி.
வீண் என்று நினைத்தேன்.

திரும்ப எழுதினேன்.
பூஜ்யத்திலிருந்து பத்து மில்லிவினாடிவரை, ஏதோ ஒன்று.
ஐந்தாம் கூவலில் அகப்பட்டது பதினான்கு.
போன் 'வா' என்றது,
அத்தோடு கூவுவதை விட்டது அது.
இனி எந்த வாசல், எந்த நேரம் என்பது
அவை இரண்டுக்கும் மட்டும் தெரியும்,
தாவித் தாவிப் போய்க்கொண்டிருந்தன.

கதவைத் திறந்தேன்.
எத்தனை காதுக்கருவி, கைக்கடிகாரம், சைக்கிள் பூட்டு!
திரை நிறைய
இருக்கிறேன் இருக்கிறேன் இருக்கிறேன்.

இந்த ஊரில் ஒரு வழக்கம்:
முதலில் வாய் திறப்பவர் மொழிதான்
பேச்சு முடியும்வரை.
ஜெர்மன் என்றால் ஜெர்மன், பிரெஞ்சு என்றால் பிரெஞ்சு.
பதினோரு வருடமாக நான்
இரண்டாவதாகவே பேசி வந்திருக்கிறேன்.

ரொட்டிக்கடையில் இன்று
அவளும் நானும் ஒன்றாய் ஆரம்பித்து
ஒன்றாய் நிறுத்தி
மறுபடி ஒன்றாய் ஆரம்பித்தோம்.
பின்னால் ஒருவர் குடையை உதறினார்.
எவ்வளவு நேரம் என்று எண்ணாமல் தயங்கினேன்.
அவளும் தயங்கினாள், என்னைவிட நீளமாக.

வாயில் எது வந்ததோ அது: பிரெஞ்சு.
பிரெஞ்சிலேயே விலை சொன்னாள்.
புரியவில்லை.
சட்டைப்பையில் இருந்ததையெல்லாம்
உள்ளங்கையில் விரித்து நீட்டினேன்.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள்,
ஒன்றை விரலால் புரட்டிப் பார்த்து
என் கையிலேயே வைத்தாள்.
அது பதினான்கின் பழைய பேட்டரி.