முள்ளோடைக்கு இந்தப் பக்கம்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால்
முதலில் காலண்டரை நகர்த்திப் பார்ப்பேன்.
எத்தனை பூச்சு பூசினாலும்
தண்ணீர் நின்ற உயரம் எங்கேயாவது தெரிந்துவிடும்:
ஸ்விட்ச் பெட்டியில் துரு,
கதவின் அடியில் உப்பிப்போன பிளைவுட்.

"தண்ணி படி வரைக்கும்தாம்மா வரும்"
என்றார் புரோக்கர் தணிகாசலம்.
எத்தனாவது படி என்று கேட்டேன்.
சிரித்தார்.
கெடிலத்துக்கு அவரைத் தெரியாது.

முதுநகரில் ஆறாயிரம். பெரிய கூடம், கிணறு.
ராத்திரி காற்று திரும்பினால்
சிப்காட் பக்கமிருந்து ஒரு நெடி.
பழகிடும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.
பழகிடும் என்பதுதான் எனக்குப் பயம்.

கன்னியக்கோயிலில் ஏழாயிரம், புது வீடு.
ஆனால் அது புதுச்சேரி.
ரேஷன் கார்டு மாற்றணும், ஆதார் மாற்றணும்,
ஐந்து வருஷம் இருந்தால்தான் அந்த ஊர்ப் பிள்ளை.
எங்கள் மகள் எட்டாவது.
விரல் விட்டு எண்ணினேன். ஒரு விரல் குறைந்தது.

அறிவுடைநம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு,
அந்த வீடுதான் பிடித்தது. பெட்ரோல் பங்க் பக்கம்.
இப்பவே லிட்டருக்கு ஆறு ரூபாய் மிச்சம் என்று
ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர் போய்ப் போட்டுக்கொண்டு
பத்து கிலோமீட்டர் திரும்பி வருகிறார்.
கேட்டால், காற்று வாங்கிவிட்டு வந்தேன் என்பார்.
சில ஞாயிறுகளில் அந்தக் காற்றுக்கு
வாடை உண்டு.

எனக்கு வேலை தவளக்குப்பத்தில்,
கண் ஆஸ்பத்திரி பில் கவுண்டர்.
எல்லை வரைக்கும் மகளிர் இலவச டவுன் பஸ்.
இறங்கி நடந்து முள்ளோடையைத் தாண்டினால்
அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ.
நேர் பஸ்ஸுக்கு இது பன்னிரண்டு ரூபாய் லாபம்.
எட்டு மாதத்துக்கு ஒரு செருப்பு தேய்கிறது,
அதையும் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு ரூபாய்கள்
அஞ்சலகத்துக்குப் போகின்றன,
மாதம் பிறந்தால் ஏஜென்ட் ஜெயக்கொடியின் பையில்.
வட்டி குறைச்சல்தான்.
பத்மாசனி அக்காவின் சீட்டில் வட்டி அதிகம்.
ஒரு ஆடி மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள்.
என்னுடையது மட்டும் அறுபதாயிரம்.
திருப்பூரில் பார்த்ததாகச் சொன்னார்கள்,
அப்புறம் ஓசூரில்.
என் பணம் என்னைவிட அதிகம் ஊர் பார்த்திருக்கிறது.

அரிசி டப்பாவிலும் வைத்துப் பார்த்தாயிற்று.
பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் டப்பா மிதந்தது.
நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து
பழைய புடவை விரித்து
இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டேன்,
ஐந்நூறு ஐந்நூறாக.
ஒன்றுகூடக் கிழியவில்லை.
அடுத்த வருஷம் செல்லாது என்றார்கள்.

மஞ்சக்குப்பம் மாடி, எட்டாயிரத்து எண்ணூறு.
"முதுநகரைவிட ரெண்டாயிரத்து எண்ணூறு ஜாஸ்தி,
எங்கிருந்து?" என்றார்.
பழைய நோட்டைக் காட்டினேன்.
ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு மெத்தை, ஒரு மிக்ஸி,
மகளின் ஆறாம் வகுப்புப் புத்தகங்கள்,
பைக் இன்ஜினுக்குள் போன சேறு,
மூன்று நாள் மண்டபத்தில் படுத்த பிறகு வந்த காய்ச்சல்.
கூட்டி, வருஷத்தால் வகுத்து,
பன்னிரண்டால் வகுத்து
அடியில் கோடு போட்டிருந்தேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"காய்ச்சலுக்கு எப்படி விலை போட்டே?" என்றார்.

மாடிக்கு வந்தோம்.
ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது.
நான்காம் நாள் விடியற்காலை கதவைத் தட்டினார்
கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் ராமானுஜலு.
கையில் டிவி. பின்னால் அவர் மனைவி,
சாமி படம், அரிசி மூட்டை, நாய்க்குட்டி.
"சிலிண்டரை எங்கம்மா வைக்கலாம்?"

அடுப்படியில் எங்கள் சிலிண்டரை ஓரமாகத் தள்ளினேன்.
காபி போட்டேன், ஏழு பேருக்கு.
இடம் எத்தனை அடி போயிற்று என்று
கண் தானாக அளந்தது.
இந்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாமா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அவர் ஜன்னல் பக்கம் நின்று
தன் வீட்டுப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் கேட்பேன்.