செக்ரோல்

கீழே நகலகம், மேலே நூலகம்.
மேலே ஏறிப் பார்த்தால் நூல் ஒன்றும் இருக்காது.
ஒரு ஸ்கேனர், இரண்டு மேசை விளக்கு,
மீன் வந்த பெட்டியில் தோட்டத்து ஆபீஸ் தாள்கள்,
அவற்றோடு குடிவந்த இராமபாணப் பூச்சிகள்.

பாடாங் செராயில் கடைகள் பூட்டியபின் கூடுவோம்.
தனபாலன் பகலில் பள்ளி பஸ் ஓட்டுகிறவன்,
கிழியாமல் பக்கம் புரட்ட அவன் விரல்தான் சரி.
கோகிலவாணி கிளினிக் வாசத்தோடு வருவாள்.
சியூ லிங், மளிகைக்கடைக் கடன் ஏட்டை
வாசித்துச் சொல்ல:
சீன எழுத்தில் முனியம்மா
‘மூ நி யா மா’ என்று நான்கு கட்டமாக
அரிசிக்குக் கடன்பட்டிருப்பாள்.
நாலாவது ஆள் நான். கரண்டு பில் என்னுடையது.

ஒரே தோட்டத்துக்கு மூன்று பெயர்.
துரை வைத்தது வரைபடத்தில் இருக்கிறது,
சீனர் சொன்னது ரசீதில் இருக்கிறது.
நம் ஆட்கள் சொன்ன புளியமரத்துத் தோட்டம்
கல்யாணப் பத்திரிகைகளில் மட்டும்.
ஆகவே கல்யாணப் பத்திரிகைகளும் சேர்க்கிறோம்.
தேடுபெட்டிக்கு மூன்றையும் சொல்லிவைத்தோம்;
ஒரு புள்ளி விட்டுப்போனாலும்
அப்படி ஊரே இல்லை என்று கைவிரித்துவிடும்.

அறுபத்தொன்றாம் வருஷத்துச் செக்ரோலில்
பால் சிந்தி இரண்டு தாள் ஒன்றாகியிருந்தது.
கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து
வெளியிட்ட மூன்றாம் நாள் இரவு
ஓர் அம்மா படியேறி வந்தார்.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே
போனை நீட்டினார்: “இத எடுத்துருங்க.”

பக்கம் எண்பத்தெட்டு. எண் 214. சிவபாக்கியம்.
ஜூலை ஒன்பதாம் கட்டத்தில்
கிராணியின் சாய்ந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்:
ஓடிவிட்டாள்.

ஆவணத்தில் கைவைக்கக் கூடாது என்றான் தனபாலன்.
பெயரை மட்டுமாவது மறைக்கலாமே என்றாள் கோகிலா.
வந்தவரை நிற்க வைத்துக்கொண்டே
இருவரும் சண்டை போட்டார்கள்.
நாற்காலி நகர்த்திப் போட்டவள் சியூ லிங்.
அவளேதான் கீழே கீழே தள்ளிப்போய்க் கேட்டாள்,
“இவங்களும் அவங்களும் ஒரே ஆளா?”

பக்கம் தொண்ணூறு. எண் 231. சிவபாக்கியம்.
ஜூலை பதினெட்டு. புதுப் பதிவு.

தலைக்கவசம் அப்போதுதான் கழன்றது.
கைப்பையிலிருந்து ஐசி வந்தது.
முதல் ஆறு இலக்கம் 610709.
“அன்னிக்குத்தான் நான்” என்றார்.

ஒன்பதாம் நாள் பெரட்டில் வந்து நின்றவளுக்குப்
புது எண் கொடுத்திருக்கிறார்கள்.
அதற்கு முன் உழைத்த ஏழு வருஷம்
எந்தக் கணக்கிலும் வரவில்லை.
எங்கள் கணினியும் கிராணி மாதிரிதான்,
இரண்டு பேராகவே எண்ணியிருந்தது.

எடுத்துவிடவா என்று கேட்டேன்.
“வேணாம். எழுதுனவன் எழுத்த நாலு பேர் பாக்கட்டும்.
பக்கத்துல என் எழுத்தும் இருக்கணும்.”

குறிப்புக்கு இருநூற்றைம்பது எழுத்து இடம்.
கொம்பையும் புள்ளியையும்
தனித்தனியாக எண்ணுகிற பெட்டி அது,
தமிழுக்குச் சீக்கிரம் நிறைந்துவிடும்.
முதல் தடவை வெட்டியதில் மழை போயிற்று.
இரண்டாம் தடவையில்
ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன லாரியும்
அதன் டிரைவர் பெயரும் போயின.
கடைசியில் அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு
ஒற்றை விரலால் தட்டினார்:
ஓடவில்லை. பெற்றாள். மகள் அஞ்சலை.
இடம் நிறைய மிச்சம் இருந்தது.

இரு பதிவுகளும் ஒருவருடையதா என்று திரை கேட்டது.
சியூ லிங் மௌஸை அவர் பக்கம் தள்ளினாள்.
திறக்காத வீட்டு மணியை அழுத்துவதுபோல
மூன்று நான்கு முறை அழுத்தினார்.

கீழே இறங்கும்போது ஐசிக்கு ஒரு நகல் கேட்டார்.
காசு வேண்டாமென்றேன்.
“நூலகம் வேற, கட வேற” என்று
இருபது சென்னை மேசையில் வைத்துவிட்டுப்
பைக்கை உதைத்தார்.

மேலே தனபாலன் அடுத்த ஏட்டைப் பிரித்திருந்தான்.
அறுபத்திரண்டு.
முதல் பக்கத்திலேயே மூன்று பேர் ஓடியிருந்தார்கள்.