எடை விளையாட்டு

இன்றைக்கு டிலக்சன்தான் கணக்கப்பிள்ளை.
நாலரை வயது. இடுப்பில் என் துண்டுதான் பெல்ட்.
ஜன்னல் கம்பியிலிருந்து கயிற்றில் தொங்கும்
பால்பவுடர் டின், தராசு.
வேலியோரம் உருவிய உண்ணிச்செடி இலையை
மடியில் கட்டிக்கொண்டு வரிசையில் மற்றவர்கள்.

"என்னடி இது, கொழுந்தா குப்பையா?
தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சாச்சு. போ."

டின்னைக் காலால் ஓர் எத்து.
சிதறிய இலையைக் குனிந்து பொறுக்குகிறாள் நிரோஷா,
எதுவும் பேசாமல், அவள் அம்மாவின் அதே வேகத்தில்.

ஒரே ஒரு நாள், காய்ச்சலென்று
அம்மாவோடு எடைக்களத்தில் உட்கார்ந்திருந்தான் இவன்.
அந்த ஒரு நாள் போதுமாயிருந்திருக்கிறது.
நாற்பது நாளாக 'அ' எழுதிக் காட்டுகிறேன்.
சுழி எந்தப் பக்கமென்று இன்னும் பிடிபடவில்லை.

கோத்தகிரிக்குக் கீழே, எட்டாம் லைன் முடிகிற இடத்தில்
தகரக் கூரைப் பிள்ளைக் காப்பகம்.
ஆடி மழை. மேலேயிருந்து மூட்டம் இறங்கி
சில்வர் ஓக் மரங்களை இடுப்புவரை விழுங்கியிருக்கிறது.
ஆறாம் நம்பர் காட்டில் காட்டெருமை நிற்கிறதாம்.
யாரையும் வெளியே விடவில்லை.

எடை முடிந்தால் அடுத்து வீடு.
கபிநாத் வேலை விட்டு வருகிறான்.
சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து
புறங்கையால் வாயைத் துடைத்துத் தள்ளாடுகிறான்.
தள்ளாட்டத்தில் இடது கால் மட்டும் இழுக்கிறது.
கவ்வாத்துக் கத்தி பட்டு
அவன் அப்பாவுக்கு இரண்டு விரல் போன கால்.
மகனுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.
நொண்டலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான்,
எது வேண்டும் எது வேண்டாமென்று
பிரிக்கத் தெரியவில்லை.

"சோறு எங்கடி?"

அவன் கை இன்னும் எழும்பவில்லை.
அதற்குள் தர்ஷிகாவின் முழங்கை
முகத்துக்கு முன்னால் ஏறிவிட்டது.
அடிப்பதைத்தான் பார்த்துப் பழகுகிறார்கள்
என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் தாய்மார் வரட்டும் என்று
மனசுக்குள் அவர்களை வரிசையில் நிற்கவைத்தேன்.
கபிநாத் அம்மாவிடம் இது. டிலக்சன் அம்மாவிடம் அது.
பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளையை நான் தொட்டு அடித்ததில்லை.
ஒரு பிரம்புகூடக் கிடையாது இங்கே.

அப்போதுதான் அனோஜா கண்ணில் பட்டாள்.
மூலையில், கஞ்சிப் பானைக்குப் பின்னால்.
மூன்று வயது. அதிகம் பேசமாட்டாள்.
சாக்கைச் சுருட்டிய பொம்மைக்கு
இலையை ஊட்டிக்கொண்டிருந்தாள்.
பொம்மை வாய் திறக்கவில்லை போலிருக்கிறது.

தலையைத் திருப்பி
வாசலை ஒரு தரம் பார்த்தாள்.
பிறகு இடது கையால்
பொம்மைக்கு மூக்கு இருந்திருக்க வேண்டிய இடத்தை
இறுக்கிப் பிடித்தாள்.
"கண்ணுல்ல, தங்கமுல்ல, முழுங்கு."
அவ்வளவு மிருதுவாக.

என் குரல்.

மாசக் கடைசியில் நர்சம்மா வந்து
எல்லாரையும் தராசில் தொங்கவிடுவார்.
அனோஜா ஒன்பதரைக் கிலோ, சிவப்புக் கோட்டில்.
ஏறவில்லை என்றால் கேள்வி எனக்குத்தான்,
எல்லார் முன்னாலும்.

ஐந்தரைக்குப் படங்கிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வந்தார்கள்.
"சேட்டை பண்ணானாக்கா?"
இல்லை என்றேன்.
தர்ஷிகாவுக்குச் சளி, தைலம் தேய்த்துவிடு என்றேன்.
ஒவ்வொரு பிள்ளையாக மழைக்குள் கொடுத்தேன்.

மறுநாள், மணி பத்து.
கிண்ணத்தில் கேழ்வரகுக் கஞ்சி.
இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து
அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஸ்பூன் அனோஜாவின் உதட்டோரம் நிற்கிறது.
தோள் வலிக்கிறது.
அவள் என்னையே பார்க்கிறாள், வாய் திறக்கவில்லை.
கஞ்சி ஏடு கட்டிவிட்டது.
காத்திருக்கும் மற்ற பத்துப் பேரும்
கஞ்சியைப் பார்க்கவில்லை.