இயற்கைக் காரணங்கள்

கோடு வரைக்கும் துப்பச் சொன்னார்கள்.
நுரை கணக்கில் சேராதாம்.
டர்பன் ஆஸ்பத்திரி ஒன்றின் நாலாவது மாடியில்
ஐம்பத்தொரு வயதில்
சுவர்ப் பக்கம் திரும்பி நின்று
ஒரு குழாய்க்குள் துப்பினேன்.

படிவத்தின் மூன்றாம் பக்கம் கேட்டது:
தந்தை, எந்த வயதில், எதனால்?

நாற்பத்து மூன்று.
டொங்காட் சர்க்கரை ஆலை வாசல்,
இரவு ஷிப்ட் முடிந்து
சைக்கிள் பெடலில் ஒரு கால், தரையில் ஒரு கால்.
எதனால் என்பதற்கு
அரசாங்கம் தந்த தாளில் இரண்டே சொற்கள்,
இயற்கைக் காரணங்கள்.
எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல்
மை செலவழிக்காத காலம்.
அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறு வாரம் கழித்து
ஆலோசகர் நொம்பிலோ தாளை என் பக்கம் திருப்பினாள்.
சர்க்கரை நோய்: சராசரிக்குக் கொஞ்சம் மேல்.
மார்பகம்: சராசரி.
யாருடைய சராசரி என்று கேட்டேன்.
சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.
இந்தக் கணக்குக்கு ரத்தம் தந்தவர்களில் பாதிக்கு மேல்
பனி கொட்டும் நாட்டுக்காரர்கள்.
எனக்கும் உங்களுக்கும் இது
அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை என்றாள்.
இருபத்தெட்டு வருடம் காலர் தைத்தவளுக்கு
அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.
தோள் தொங்கும். அக்குள் இறுகும்.
ஆனாலும் சட்டைதான்.

இதயத்துக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்தாள்.
இது சராசரிக் கணக்கே இல்லையாம்.
ஒரே ஓர் எழுத்துப் பிழை.
ரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிடித்து இழுக்கும் கைகள்
என் ஈரலில் பாதிதான் முளைத்திருக்கின்றன,
பிறந்த நாளிலிருந்தே.
தலையெழுத்து என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஈரலெழுத்து என்று சொல்லியிருக்க வேண்டும்.
தலையெழுத்துக்கு மாத்திரை கிடையாது.
இதற்கு உண்டு, ராத்திரி ஒன்று.

வீட்டில் யாருக்காவது
கண்ணோரம் மஞ்சள் திட்டு? குதிகாலுக்கு மேல் கட்டி?

கூடத்துப் படத்தில் அந்த மஞ்சளை
ஸ்டூடியோக்காரர் தொட்டு அழித்திருக்கிறார்.
கட்டியை யார் அழிப்பது?
எந்த ஷூவும் பொருந்தாமல்
வாங்கிய அன்றே பின்பக்கத்தை மிதித்து மடக்கி
செருப்பாக்கிவிடுவார் அப்பா.
காசின் அருமை தெரியாத மனுஷன் என்று
மாதாமாதம் அம்மா திட்டுவாள்.

நாற்பது வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது
ஆலை வாசலின் காரணம்,
என் எச்சிலில்.

இன்னொருவனும் ஷூவை மடக்கிப் போட்டான்.
பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பிரம்படி வாங்கினான்.
பூபாலன். ஃபீனிக்ஸில் இருக்கிறான்.
நாற்பத்தெட்டு ஆகிறது, அப்பாவைவிட மூத்துவிட்டான்.
பேசி ஒன்பது வருடம்.

அம்மாவின் பெல்வெடேர் வீட்டில் பாதி கேட்டான்.
நான் தரவில்லை.
உடன்பிறந்தவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு,
என்கிறாள் நொம்பிலோ.
இதில் மட்டும் கேட்காமலே பங்கு எழுதியாகிவிட்டது.

'அன்புள்ள உறவினருக்கு' என்று தொடங்கும்
அச்சடித்த கடிதம் ஒன்று கொடுத்து அனுப்பினாள்.
அதற்கு அடுப்படி இழுப்பறையில்
பதினோரு நாள், தீப்பெட்டிகளோடு குடித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை. கரும்புக்கொல்லை கொளுத்தியிருந்தார்கள்.
கொடியில் வெள்ளைத் துணியெல்லாம் கரித்துகள்.
எடுத்து உதறப் போனவள்
போனை எடுத்தேன்.

யாரு என்றான்.
கோகிலம் என்றேன்.
அவன் பக்கம் டி.வி.யில் கிரிக்கெட்,
யாரோ அவுட்டாகிக் கூட்டம் கத்தியது.
வீட்டைப் பத்தின்னா வக்கீல்கிட்ட பேசு என்றான்.

கடிதத்தை நாலு தரம் வாசித்துப் பழகியிருந்தேன்.
ஒரு வரி வரவில்லை.
ஏன்டா, குதிகால்ல கட்டி இருக்கா உனக்கு
என்றுதான் வந்தது.

டி.வி. சத்தம் குறைந்தது.
பிறகு அதுவும் நின்றது.

எந்தக் கால்ல, என்றான்.