மேனேஜர் கணக்கு

ராசல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி.
கணக்குப் பிரிவில், ஏசிக்கு நேர் கீழே என் மேசை.
முதலாளி இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்பை வாங்கிய மாதம்
எங்கள் சம்பளம் பதினொரு நாள் பிந்தி வந்தது.
தார்ன்விக் டவுன். மூன்றாம் பிரிவு.

கிளப்போடு அதன் பழைய பேரேடுகளும் வந்தன,
ஸ்கேன் செய்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சொத்துப் பட்டியல் போடச் சொன்னார் குரியாக்கோஸ் சார்.
புல்வெட்டும் இயந்திரம் இரண்டு.
கோல் வலை நான்கு, ஒன்று கிழிசல்.
மேனேஜர்களைச் சொத்தில் எழுதவா செலவில் எழுதவா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

முதல் ஆள் ஆர்க்ரைட்.
செங்கல் சூளைக்காரர்கள் கூடித் தொடங்கிய கிளப் அது.
அன்று மேனேஜர் என்ற பேர்கூட இல்லை, செயலாளர்தான்.
வருடத்துக்குப் பன்னிரண்டு பவுண்டு.
சட்டை துவைத்த சோப்புக்கு
அதிலும் ஆறு பென்ஸ் பிடித்திருக்கிறார்கள்.

பிறகு ஸ்டப்ஸ். இருபத்து மூன்று வருடம்.
நடுவில் போர் வந்தது.
ஆட்டமே இல்லாத நான்கு வருடமும்
வாரம் தவறாமல் சுண்ணாம்பு வாங்கியிருக்கிறார்.
யாருக்காகக் கோடு போட்டார் என்று எழுதவில்லை.
போர் முடிந்த பிறகு வாங்கிய சட்டைகள்
பதினொன்று இல்லை, ஏழு.
அந்தப் பக்கத்தை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.
பிழை இல்லை.

பென்ஹாலிகன் வீட்டை அடகு வைத்து
ஒரு கோல்கீப்பரை வாங்கினார்.
மூன்றாம் ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்தது.
வீடு என்ன ஆயிற்று?
அதற்கு அங்கே கட்டம் இல்லை.

எங்கள் காலத்தில், நான்கு வருடத்தில் ஆறு பேர்.
ஆறு பேருக்கும் பணம் அனுப்பியவன் நான்.
'பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்'
என்ற கடிதம் என் கணினியில் தயாராகவே கிடக்கும்.
பெயரை மட்டும் மாற்றுவேன்.
ஒருமுறை மறந்து
முந்தினவர் பெயரிலேயே போய்விட்டது.
அதையும் யாரும் கேட்கவில்லை.

ஆறாமவர் லோமேக்ஸ்.
பதினான்கு வாரம் வேலை,
மீதி இரண்டு வருடச் சம்பளம் நஷ்டஈடு.
அன்று மத்தியானமே
இரண்டாம் எண் சூளை சவரிராயனுக்கும் கணக்கு முடித்தேன்.
பதினான்கு வருடம்.
முதல் ஐந்துக்கு வருடத்துக்கு இருபத்தொரு நாள் கூலி,
மற்றதுக்கு முப்பது.
இரண்டுக்கும் ஒரே கால்குலேட்டர்.
எட்டு மட்டும்
இரண்டு தடவை அழுத்தினால்தான் விழும்.

மறு வாரம் போன் வந்தது. லோமேக்ஸ்.
பணம் வரவில்லையோ என்று பதறிவிட்டேன்.
பூட்ஸ் எடுக்கப் போனாராம்,
குளியலறையில் இரண்டு டைல்ஸ் பெயர்ந்து கிடக்கிறதாம்.
சனிக்கிழமை சின்னப் பிள்ளைகள் ஆட்டம்,
யாருக்காவது கால் கிழியும்,
மற்ற எந்த நம்பரையும் யாரும் எடுக்கவில்லை என்றார்.

பின்பக்கம் எண் இருக்கும், படியுங்கள் என்றேன்.
படித்தார்.
இரண்டாம் சூளை. இரவு ஷிப்டு.
அதைச் சுட்டவர் பெயர் எனக்குத் தெரியும் என்றேன்,
ஏன் சொன்னேனோ.
சவரி... சாவ்ரி... என்று
இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டார்.
நல்ல வேலை, பெயர்ந்தது பூச்சின் கோளாறு,
டைல் உடையவில்லை,
அவரிடம் சொல்லுங்கள் என்றார்.
அவர் இப்போது இங்கே இல்லை.
ஏன், என்ன ஆயிற்று?

பரஸ்பர சம்மதத்துடன், என்றேன்.

லைனில் மழையோ இரைச்சலோ,
கொஞ்ச நேரம் அதுதான் கேட்டது.

இரண்டு பெட்டி டைல்ஸ் கூரியரில் போனது.
முப்பத்தெட்டு கிலோ.
சனிக்கிழமைக்குள் போய்ச் சேராது, தெரியும்.
பெறுபவர் என்ற இடத்தில்
ஸ்டப்ஸ் என்று கை எழுதிவிட்டது.
அடித்துவிட்டுக் கிளப் பெயரை எழுதினேன்.
செலவுத் தலைப்பு: சுண்ணாம்பு.
குரியாக்கோஸ் சார் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.